பதினாறாவது நிறம்

மழைக்கு ஒதுங்கியதுதான். அந்தக் கடைக்குள் அவள் நுழைந்ததற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை.

குடை இல்லாமல் இல்லை. வீட்டில், கதவுக்குப் பின்னால், பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "வானம் மூடிக்கிட்டு இருக்கு, குடையை எடுத்துக்கோடி" என்று அம்மா சொன்னதும், "எல்லாம் எனக்குத் தெரியும்மா" என்று இவள் வாயாடியதும் இப்போது நினைவுக்கு வந்து தொலைத்தன. நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டு, முதல் வேலையாகத் தோளில் தொங்கிய பையைத் துடைத்தாள். பைக்குள் இருப்பது அவள் பிழைப்பு. மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள் அவள். அந்தப் புட்டிகளும் பிரஷ்களும் நனைந்தால் நாளைக்கு ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண் கண்ணாடி முன்னால் அழுவாள்.

அழகுப் பொருட்கள் விற்கிற கடை. பட்டப்பகலிலும் விளக்கு. கண்ணாடியில் மழை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருக்க, உள்ளே பவுடர் வாசனை... அந்த வாசனை வந்தாலே அவளுக்குப் பழைய வேலை நினைவு வந்துவிடும். வந்தால் நல்லதற்கில்லை. கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"மாமா! இதுவும் வெளுப்பா இருக்கு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கேன், பாருங்க!"

"கத்தாதடி வாலு. கடைசியா இருக்கறதை எடு."

"இதுதான் கடைசி. மூணு தட்டும் பார்த்தாச்சு. இதுக்கு மேல வேணும்னா செருப்புக் கடையில பாலிஷ்தான் கேக்கணும்."

கல்லூரியில் படிக்கிற வயதுப் பெண். பளபளவென்ற கறுப்புக் கண்கள். விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தாள். மாமாவின் முதுகு மட்டும்தான் இவளுக்குத் தெரிந்தது. அவர் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்து, முன்கையின் உள்பக்கத்தில் முகத்துக்குப் பூசுகிற ஃபவுண்டேஷனை ஒரு கோடாக இழுத்து, விளக்கை விட்டு விலகி வாசல் வெளிச்சத்துக்கு வந்து... நின்றார். காயட்டும் என்று காத்திருந்தார்.

அவள் திரும்பி அந்தக் கையையே பார்த்தாள்.

ஃபவுண்டேஷனைக் கையில் தடவிவிட்டு, அது காய்கிற வரைக்கும் பொறுமையாக நிற்கிற ஆம்பிளை உலகத்தில் ஒருத்தன்தான் இருக்க முடியும். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே இவள்தானே!

"இதுக்கு அடுத்து ஒண்ணு இருந்துச்சு..." அவன் குரல் தாழ்ந்தது. "பதினாறாவது. உனக்கு அதுதான் சரியா இருந்திருக்கும்."

"அப்ப அதைக் கேளுங்க."

"இல்ல. வேணாம்னு எடுத்துட்டாங்க."

"எந்த அறிவாளி எடுத்தது?"

அவன் புட்டியை மூடி வைத்தான்.

"நான்தான்" என்றான்.

அவள் சட்டென்று லிப்ஸ்டிக் ஸ்டாண்டுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். முப்பது தாண்டியவள் செய்கிற காரியமா இது? செய்தாள். கண்ணை மூடினாள். மூடினால், அந்த மூன்றாம் மாடி ஜன்னல்...

* * *

அழகுப் பொருட்கள் தயாரிக்கிற கம்பெனி அது. கீழே டப்பாக்களில் அடைக்கிற பகுதி, நடுவில் அலுவலகம், மேலே நிறம் கலக்கிற அறை. அந்த அறைக்கு ராணி இவள். உருகிய மெழுகு வாசனை, ஓரத்தில் விரிசல் விட்டு டேப் ஒட்டிய கண்ணாடி, எப்போதும் நிறுத்தியே வைத்திருக்கிற மின்விசிறி. காற்று பட்டால் பூச்சு ஒரு பக்கம் முந்திக்கொண்டு காய்ந்துவிடும் என்று அதை ஓடவே விடமாட்டாள். எதிர்க் கட்டடத்தின் வெள்ளைச் சுவரில் பட்டு உள்ளே வருகிற மெத்தென்ற வெளிச்சத்தில்தான் நிறம் பார்ப்பாள். டியூப்லைட்டில் பார்த்துச் சொல்லுங்கள் என்று கடவுளே வந்து கேட்டாலும் மாட்டாள். அதனால் கம்பெனி முழுக்க அவளுக்கு 'ஜன்னல்' என்று பெயர்.

தடவியவுடன் எந்த ஃபவுண்டேஷனும் பொய் சொல்லும். காயக் காய ஒரு சாயல் கருக்கும். காய்ந்த பிறகு, தடவிய இடமே தெரியாமல் தோலோடு தோலாக மறைந்துவிட்டால் அதுதான் சரியான நிறம். இதைப் பார்க்க மனிதர்களின் கை வேண்டும். கீழே டப்பா அடைக்கிறவர்களில் யாராவது மேலே வந்து கை கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அன்றும் மழை. கை கேட்டு ஆள் அனுப்பி வெகு நேரம் ஆகியும் யாரும் வரவில்லை. கடைசியில் கதவருகே ஒருத்தன் வந்து நின்றான். உயரம், நனைந்த தலை, எதையோ தேடுகிற கண்கள்.

"இப்பதான் வர்றீங்களா? உட்காருங்க. சட்டைக் கையை மடிங்க."

"இல்லைங்க, நான் வந்து..."

"பேசினா கை ஆடும். ஆட்டாதீங்க."

அவன் உட்கார்ந்தான். மடித்தான். அவள் மூன்று கோடு இழுத்தாள். மழை வெளிச்சம் அந்தக் கையின் மேல் விழுந்தது. நல்ல கருமை. உள்ளே எங்கோ விளக்கு ஏற்றி வைத்த மாதிரி ஒரு சிவப்பு... 'அட' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் இப்படியே இருக்கணும்?"

"காயற வரைக்கும்."

"எத்தனை ஷேடு வரப் போகுதுங்க?"

கேட்டானே பார்க்கலாம்! அவளுக்கு அன்று வயிற்றெரிச்சலே அதுதான்.

"அதை ஏன் கேக்கறீங்க? புதுசா ஒருத்தர் வந்திருக்காராம். திட்டம் போடறவராம். கடைக்குத் தர்ற ஸ்டாண்டுல தட்டுக்கு அஞ்சு, மூணு தட்டு, ஆக பதினைஞ்சு குழிதான் இருக்காம். அதனால பதினைஞ்சு நிறம் போதுமாம். குழியை எண்ணி முகத்தை முடிவு பண்ற ஆளை நான் இப்பதான் கேள்விப்படறேன். மூளை இருக்க வேண்டிய இடத்துல என்னத்தை வெச்சிருக்காரோ!"

"அங்கேயும் ஒரு குழியாத்தான் இருக்கும்" என்றான் அவன், முகம் மாறாமல்.

அவள் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "சார்! உங்களை எங்கெல்லாம் தேடறது? ஐயோ, கையில என்ன சார் இது?"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் நன்றியோடு உள்ளே போயிருப்பாள்.

"இருங்க, இன்னும் காயல" என்றான் அவன், மேனேஜரிடம்.

மறுநாள் தானாகவே வந்தான். வாசலிலேயே சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "கை வேணுமா?" என்றான். "வாங்க பதினைஞ்சு சார்" என்றாள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த பிற்பகல்கள்... பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கோடு இழுப்பாள். காயும் வரை பேசுவார்கள். அவனுடைய அக்காவைப் பற்றி, அக்காவின் வாலுப் பெண்ணைப் பற்றி, இவள் அம்மா போனில் பேசினால் தெருவுக்கே கேட்பதைப் பற்றி. காய்ந்ததும் துடைப்பாள். அடுத்த கோடு. பேச்சு வளர வளர, கோடுகளைக் கொஞ்சம் கனமாகவே இழுக்க ஆரம்பித்தாள். கனமாகத் தடவினால் காய நேரமாகும். இந்தத் திருட்டுத்தனம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் இருந்த பதினைந்து நிறத்தில் ஒன்றுகூட அவன் கையில் மறையவில்லை. எல்லாமே சாம்பல் பூசின மாதிரி நின்றன. அவள் விடவில்லை. சிவப்பைக் கொஞ்சம் கூட்டினாள், மஞ்சளைக் குறைத்தாள், நீலத்தை ஊசி முனையளவு தொட்டாள். ஒரு சாயங்காலம், துடைக்கலாம் என்று பஞ்சோடு குனிந்தவள் திகைத்துப்போனாள். கோட்டைக் காணோம்.

"எங்கே தடவினேன்?"

"இங்கதான்... இல்ல, இங்கயோ?"

விரல் நுனியால் அவன் கையில் தேடினாள். மணிக்கட்டிலிருந்து மேலே... திரும்பக் கீழே... கண்டுபிடிக்க முடியவில்லை. தேடுகிற சாக்கில் விரல் நின்றுவிட்டதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள். அவள் பார்வையைத் தாழ்த்தினாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே மழை விட்டிருந்தது கூட அவர்களுக்குத் தெரியவில்லை.

பதினாறாவது நிறம் அப்படித்தான் பிறந்தது.

"ஸ்டாண்டுல இடம்?" என்றான்.

"மூணாவதும் நாலாவதும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. கலந்த எனக்கே அடையாளம் தெரியாது. ஒண்ணை எடுத்தா இதுக்கு இடம் வந்துடும்."

"மீட்டிங்ல நான் பேசறேன்" என்றான். கண்ணைப் பார்த்துச் சொன்னான். அவள் நம்பினாள்.

மீட்டிங்கில் முதலாளியும் மற்றவர்களும் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இவள் அவனுக்கு நேர் எதிரே. பதினாறு புட்டிகள் வரிசையாக இருந்தன. கடைசிப் புட்டியை யாரோ தூக்கிப் பார்த்து, "இதை யார் தலையில கட்டறது?" என்றார். மேஜை முழுக்கச் சிரிப்பு. முதலாளி அவன் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார்.

அவன் சட்டைக் கை மடித்துத்தான் இருந்தது. அதை மெதுவாக இறக்கிவிட்டான். மணிக்கட்டில் பட்டனைப் போட்டான்.

"மூணு, நாலு ரெண்டும் இருக்கட்டும். கடைசி வேணாம். அந்த நிறத்தை யாரும் விரும்ப மாட்டாங்க."

அவ்வளவுதான். அன்று மாலையே வேலையை விட்டாள். அவன் போன் செய்தான், எடுக்கவில்லை. வீட்டுக்கே வந்தான். இவள் அறைக்குள் ஒளிந்துகொண்டு, "நான் இல்லைன்னு சொல்லிடும்மா" என்றாள். பொய் சொல்லத் தெரியாத அம்மா வாசலில் நின்று, "அவ இல்லைன்னு சொல்லச் சொன்னா தம்பி" என்றாள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். மழையில் தலை குனிந்து போய்க்கொண்டிருந்தான். கூப்பிட்டிருக்கலாம். ஒரு வார்த்தை... வீம்பு வாயைக் கட்டிப்போட்டது.

* * *

மழை வலுத்தது. நனைந்தாலும் பரவாயில்லை, ஓடிவிடலாம் என்று தீர்மானித்துத் திரும்பினாள். பையின் கனம் லிப்ஸ்டிக் ஸ்டாண்டை இடித்தது. கடகடவென்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி லிப்ஸ்டிக்குகள் உருண்டன.

வாலுதான் முதலில் ஓடி வந்து பொறுக்கினாள். "பையில என்னக்கா, கருங்கல்லா?" என்றவள், திறந்திருந்த பைக்குள் பிரஷ்களைப் பார்த்துவிட்டாள். "ஐ, மேக்கப்! அக்கா, அக்கா, ஒரு உதவி பண்ணுங்களேன். சாயங்காலம் காலேஜ்ல நாடகம். நான்தான் மகாராணி. போன தடவை முகத்துக்கு வெள்ளையாப் பூசி, கழுத்து தனியா தெரிஞ்சு, மகாராணி பேயா வந்துட்டான்னு ஊரே சிரிச்சுது."

உருண்டு வந்த ஒரு லிப்ஸ்டிக்கைக் குனிந்து எடுத்தவன் நிமிர்ந்தான்.

கண்ணோரத்தில் இரண்டு கோடு விழுந்திருந்தது. காதருகே நரை எட்டிப் பார்த்தது. கண் மட்டும் அதேதான்... எதையோ தேடுகிற கண்.

"ஜன்னல்..."

"எப்படி இருக்கீங்க, பதினைஞ்சு சார்?" குரல் நடுங்காமல் வந்ததில் அவளுக்கே பெருமை.

"ஓ, தெரிஞ்சவங்களா?" வாலு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படின்னா நீங்களே சொல்லுங்கக்கா. இவருக்கு என்ன வியாதி? எதைக் கேட்டாலும் 'காயட்டும், பார்க்கலாம்'ங்கறார். எங்கம்மா கொண்டு வந்து காட்டின பொண்ணுங்களுக்கெல்லாம் அதே பதில்தான். இன்னும் காயுது, காயுது, காஞ்சுக்கிட்டே இருக்கு!"

"வாலு!"

இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. இதைப் பார்த்துவிடப் போகிறானே என்று வாலுவின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துப் போனாள். "வெளிச்சத்துக்கு வா. விளக்குக்கு அடியில நிறம் பார்க்கறவங்களை எனக்குப் பிடிக்காது."

பையிலிருந்து சிறிய தட்டை எடுத்தாள். இரண்டு புட்டி, பிறகு ஒரு துளி சிவப்பு, ஊசி முனையில் நீலம். கை தானாகக் கலந்தது. வாலுவின் தாடையோரத்தில் மெலிதாக ஒரு கோடு இழுத்தாள். மூவரும் காத்திருந்தார்கள். மழை பெய்துகொண்டே இருந்தது. கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்து... மங்கி... இல்லாமல் போனது.

"எங்கே போச்சு?" வாலு கைக்கண்ணாடியை ஆட்டி ஆட்டித் தேடினாள். "அக்கா! நான் நானாவே இருக்கேன்!" என்று கத்திக்கொண்டு, விற்பனைப் பெண்ணிடம் காட்ட உள்ளே ஓடினாள்.

வாசலில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

"என் கையைப் பார்க்காமலே கலந்துட்டீங்க" என்றான்.

"மறந்திருந்தாத்தானே பார்க்கணும்?"

அவன் தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தான். பிறகு ஆரம்பித்தான். "எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் முதல்ல சிவப்பா இருக்கற அக்காவைப் பார்ப்பாங்க. அப்புறம் என்னைப் பார்ப்பாங்க. 'இவன் மட்டும் ஏன் இப்படி?'ம்பாங்க. நான் பக்கத்துலயேதான் நிப்பேன். அன்னைக்கு மீட்டிங்ல எல்லாரும் சிரிச்சப்ப, புட்டியைப் பார்த்துச் சிரிக்கலைன்னு தோணுச்சு. என் கையைப் பார்த்துச் சிரிக்கறாங்கன்னு தோணுச்சு. அதான்... மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்."

அவள் கண்ணெதிரே அந்தச் சட்டைக் கை மறுபடி இறங்கியது. பட்டன் பூட்டிக்கொண்டது. இத்தனை வருஷமும் அந்த வார்த்தையையே நினைத்து எரிந்தவள், அந்தக் கையை நினைத்துப் பார்க்கவே இல்லையே!

"அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன்" என்றான். "நீங்க இல்லைன்னு நீங்களே சொல்லச் சொன்னதா அம்மா சொன்னாங்க."

"எங்கம்மாவுக்குப் பொய்யே வராது." சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "தப்பு என்னுதுதான். எல்லார்கிட்டயும் காயட்டும், காயட்டும்னு சொல்றவ... உங்களை மட்டும் ஈரத்துலயே முடிவு பண்ணிட்டேன்."

"உங்களுக்குக் கோவம் வந்தது நியாயம்தானே. கஷ்டப்பட்டுக் கலந்த நிறம்."

"நிறம் போனதுக்கா கோவப்பட்டேன்?" அவள் சட்டென்று திரும்பினாள். அடைத்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "அந்த நிறத்தை யாரும் விரும்ப மாட்டாங்கன்னு சொன்னீங்க. எனக்கு நேரா உட்கார்ந்து, என் முகத்துக்கு எதிர்லயே சொன்னீங்க. விரும்பற ஒருத்தி எதிர்ல உட்கார்ந்திருக்கா... அவ உங்க கண்ணுக்கு ஆளாவே தெரியலையா?"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் குப்பென்று சூடாகியது. உலகத்து ஷேடுகள் அத்தனையையும் கலந்தாலும் அந்தச் சிவப்பை மறைக்க முடியாது.

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லிச் சொல்லி உள்ளே இறுகிப் போயிருந்த ஏதோ ஒன்று அவன் முகத்தில் இளகுவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"கம்பெனியில ஸ்டாண்டை மாத்தறோம்" என்றான், சம்பந்தமே இல்லாமல். "குழியே கிடையாது. எத்தனை வேணும்னாலும் வைக்கலாம். சண்டை போட்டு வாங்கியிருக்கேன். பதினாறாவதைத் திரும்பக் கொண்டு வரணும். யார் யாரையோ கலக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தருக்கும் வரல. நீங்க வரணும்."

"வேலைக்குக் கூப்பிடறீங்களா?" அவள் புருவம் உயர்ந்தது.

"ஆமா."

"வேலைக்கு மட்டுமா?"

தலையைக் கோதினான். உள்ளே கண்ணாடி முன்னால் மகாராணி நடை பழகுகிற வாலுவை ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"இல்ல" என்றான் கடைசியில். "வேலைக்கு மட்டும் இல்ல. மூணாவது மாடியில நீங்க முதல் கோடு இழுத்தீங்களே... அன்னைக்கே காஞ்சு ஒட்டிடுச்சு. அதுக்கப்புறம் துடைச்சும் போகல. நான் துடைக்கவும் இல்ல."

மழை அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. இனி ஒதுங்கி நிற்க ஒரு சாக்கும் இல்லை. அவள் தட்டைப் பார்த்தாள். வாலுவுக்குக் கலந்ததில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பிரஷ்ஷை எடுத்தாள்.

"கையைக் கொடுங்க" என்றாள். "சரியா வந்திருக்கான்னு பார்க்கணும்."

அவன் சட்டைக் கையை இன்னும் மேலே மடித்து நீட்டினான். அவள் பிரஷ்ஷைக் கிட்டே கொண்டுபோனபோது, குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"கொஞ்சம் கனமாவே தடவுங்க... எப்பவும் போல."